வெள்ளிக்கிழமைச் சொல்

ஜூலை 5, வெள்ளி

நாசமாய்ப் போக. கீழ்வீட்டுக்காரி பலகை மாட்டிவிட்டாள்.

கீழ்வீட்டுக்காரி என்றால் வேறு யாருமில்லை, இவர் கூடப் பிறந்த தங்கை பகவதி. மாமனார் போன பிறகு வீட்டைப் பிரித்ததில் கீழ்த்தளம் அவளுக்கு, மேல்தளம் எங்களுக்கு. அன்றைக்கு நின்ற பேச்சு இன்றுவரை நின்றதுதான். அவள் என்னிடம் சொல்ல வேண்டியதை வாசலில் படுத்திருக்கும் பூனையிடம் சொல்வாள். நான் பால்கனியில் நின்று துளசிச் செடியிடம் பதில் சொல்வேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பூனைக்கும் இந்தத் துளசிக்கும் ஆகாது என்று.

தெருப் பக்கத்து முன்னறையை இடித்து இரவுப் பலகாரக் கடை போடப்போகிறாள் என்பது தெரியும். போடட்டும். புருஷனைப் பறிகொடுத்தவள், சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் பெயர்? பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் இத்தனை பெரிதாக, 'டிஃபின்னர்'.

அது என் சொல். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை. இந்த வீட்டில் அம்மனுக்கென்று வெள்ளி இரவு சோறு கிடையாது, பலகாரம்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பாட்டுக்கு உலை வைத்துவிட்டேன். மாமியார் வந்து பார்த்தாள். பொங்கின பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புறவாசலில் கொட்டினாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உப்புமா கிண்டினேன். இவர் ஒரு வாய் போட்டுவிட்டு, "டிஃபினுக்கு மேல, டின்னருக்குக் கீழ. இதுக்குப் பேரு டிஃபின்னர்" என்றார். அழுகையிலேயே சிரித்துவிட்டேன். "இது ஏது பேரு?" என்று கேட்டேன். "ஒனக்காக இப்பத்தான் தோணிச்சு வடிவு" என்றார்.

இவர் எனக்கென்று தந்தது அது ஒன்றுதான். கூரைப்புடவைகூட இவர் தங்கை பொறுக்கி எடுத்தது.

இன்றும் உப்புமாதான். வழக்கம்போல வாழைப்பழத்தை உரித்து உப்புமாவில் போட்டுப் பிசைந்தார். மேலே ஒரு கை மிக்சரைத் தூவிக்கொண்டார். எத்தனை வருஷமானாலும் பார்க்கச் சகிக்கவில்லை. இவர்கள் குடும்பத்து நாக்கு அப்படி.

"கீழ போர்டு பாத்தியளா?"

"ம்."

"பேரு பாத்தியளா?"

"மிக்சர் நமுத்துப் போச்சு, வடிவு."

ஜூலை 6, சனி

மிக்சர் டப்பாவுக்கு வேறு மூடி தேடிப் போட்டேன். இவரோடு பேசவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

எதிர்வீட்டு மருமகள் வேலை மெனக்கெட்டுப் படியேறி வந்து போனைக் காட்டினாள். சாப்பாட்டுக் கடைகளைப் படம்பிடித்துப் போடும் பையன் ஒருவன் பகவதியிடம் கேட்கிறான், "இந்தப் பேரு எப்படிங்கம்மா வந்துச்சு?" பவுடர் அப்பிக்கொண்டு அவள் சொல்கிறாள்: "நான் காலேஜ் படிக்கும்போது எங்க அண்ணன் மதுரையில வேலை பாத்தாவ. லீவுல வந்திருந்தாவ. வெள்ளிக்கிழம ராத்திரி நான்தான் உப்புமா கிண்டுனேன். தங்கச்சிக்காக அண்ணன் வச்ச பேருதான் இது. அப்பமே சொன்னாவ, இது ஒனக்காக இப்பத்தான் தோணிச்சுன்னு."

என் உடம்பெல்லாம் எரிந்தது. திருடுவதுதான் திருடுகிறாள், சொல்லோடு நிறுத்தக் கூடாதா? எனக்குச் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்து அல்லவா சுருட்டிக்கொண்டாள்! மாமியார் சொல்லிக் கேட்டிருப்பாள், மூதி.

இவர் வந்ததும் போட்டுக் காட்டினேன்.

"சொல்லுங்க. யாருக்குச் சொன்னிய? எனக்கா, உங்க தங்கச்சிக்கா?"

"எப்பவோ சொன்னது. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு ஞாபகம் இருக்கு."

"சின்னப் புள்ளையளா ரெண்டு பேரும்? ஒரு வார்த்தைக்குப் போயி. விடு."

விடுவேனா? மேலே பேசுவதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். காலையிலும் போனவர்தான். சாமிக்கே அலுத்திருக்கும்.

ஜூலை 10, புதன்

தண்ணீர் மோட்டார் போடுவது அவள் முறை. போடவில்லை. தொட்டி காலி.

கீழே பூனையிடம்: "கண்ணு, செல பேருக்கு அடுத்தவங்க நல்லா இருந்தா வயிறு எரியும். அத அணைக்க எவ்வளவு தண்ணி போட்டாலும் காணாது பாத்துக்கோ."

மேலே துளசியிடம்: "அம்மா தாயே, திருடுன பேருல கட போட்டா அடுப்பு பத்துமான்னு நீயே பாரு."

பூனை எழுந்து போய்விட்டது. மோட்டாரை நானே போட்டேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. பாயசம் வைத்தேன். இவர் முகம் மலர்ந்த நேரம் பார்த்துக் கேட்டேன். வெள்ளிக்கிழமை கடை திறப்பு, அந்தக் கேமராப் பையன் வருகிறான், நீங்கள் கீழே வந்து 'இந்தப் பெயர் என் பெண்டாட்டிக்கு நான் வைத்தது' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது போதும். பெயரை அவள் வைத்துக்கொண்டு நாசமாய்ப் போகட்டும், சொன்னது எனக்கு என்று ஊருக்குத் தெரிந்தால் சரி.

"முட்டு வலிக்கி வடிவு. படி எறங்க முடியாது."

கோயில் படி ஏறும்போது வலிக்காத முட்டு.

ஜூலை 19, ஆடி வெள்ளி

நானே போனேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டுதான் போனேன். சண்டைக்குப் போனாலும் ஆடி வெள்ளி ஆடி வெள்ளிதானே.

தெருவே கூடியிருந்தது. சூடு பறக்க உப்புமா, இடியாப்பம், ஆப்பம். பகவதி மாலை போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறாள். நான் நேரே கேமராப் பையனிடம் போனேன்.

"தம்பி, அத இங்கன திருப்பு. இந்தப் பேரு இவளுது இல்ல. எம் புருஷன் எனக்கு வச்சது. இது திருட்டுக் கட."

பூனையும் வேண்டாம், செடியும் வேண்டாம் என்று அவளும் நேராக என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு: "யாரு திருடி? நீங்க இந்த வீட்டுக்கு மருமகளா வாரதுக்கு முந்தியே எங்க அண்ணன் எனக்குச் சொன்ன பேரு இது. கோட்டி கீட்டி புடிச்சிருக்கா ஒங்களுக்கு?"

"ஏட்டி பகவதி, நாக்கு அழுகிப் போகும்!"

"எந்த நாக்கு? கண்டதையும் தின்னப் பழக்கி எங்க அண்ணன் நாக்கக் கெடுத்தது நீங்க!"

"நானா? ஒங்க வீட்டு நாக்கு பொறக்கும்போதே கெட்டது!"

கூட்டம் சிரித்தது. எனக்கு வெறி ஏறிவிட்டது. "அவரையே கேப்போம், கூப்பிடு ஒங்க அண்ணன" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். இவர் பால்கனியில் துளசிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தலை நிமிர்ந்ததும் குனிந்துவிட்டார். அப்படியே தவழ்ந்து உள்ளே போனதைத் தெருவே பார்த்தது.

முட்டு வலி என்றவர் தவழ்ந்து போகிறார்!

இரவு இவருக்குத் தட்டில் எதுவும் போடவில்லை. பட்டினி கிடக்கட்டும் என்றிருந்தேன். கீழேயிருந்து தூக்குச்சட்டியில் உப்புமா வந்தது. பழத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 20, சனி

பெங்களூரிலிருந்து மகள் சுபா அழைத்தாள். "யம்மா, நீயும் அத்தையும் போன் பூரா ஓடிக்கிட்டு இருக்கிய. என் ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. அசிங்கமா இருக்கு." எனக்கு அசிங்கமாக இல்லை. நியாயம் கேட்டால் அசிங்கமா?

படத்தின் அடியில் ஊரார் எழுதியதை அவளே படித்துக் காட்டினாள். ஒருவன், பிரேக்ஃபாஸ்டும் லஞ்சும் சேர்ந்து பிரஞ்ச் ஆன மாதிரி இது, வெள்ளைக்காரன் எப்போதோ சொல்லியிருப்பான், இந்த இரண்டு பொம்பளைகளும் சும்மா கத்துகிறார்கள் என்கிறானாம். இன்னொருவன் தன் சித்தப்பாதான் கண்டுபிடித்தார் என்கிறானாம். எங்கிருந்துதான் வருகிறார்களோ இந்தச் சித்தப்பாக்கள்.

"நீ பதில் எழுது" என்றேன். "என்னன்னு?" என்றாள். "அது எங்கம்மாவோட சொல்லுன்னு எழுது." போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

மாவு அரைத்தேன். கீழே கடையில் நல்ல கூட்டம். எல்லாம் என் சண்டை செய்த உபகாரம். ஒரு நன்றி உண்டா?

ஜூலை 26, வெள்ளி

உப்புமா. பழம். மிக்சர். பேச்சில்லை.

ஜூலை 28, ஞாயிறு

மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் பகவதி. மேல்தளத்துப் படியில் அவள் காலை வைத்து எத்தனை காலமாயிற்று! சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் முந்தானையை இழுத்துச் செருகினேன். ஆனால் அவள் முகம் சண்டை முகமாக இல்லை.

"அண்ணன் இருக்காவளா?"

"நூலகத்துக்குப் போயிருக்காவ."

"அப்ப உள்ள வரலாமா, மதினி?"

மதினி என்று அவள் கூப்பிட்டதும் எனக்கு வசவு எதுவும் நாக்கில் வரவில்லை. வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மதினி, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். உப்புமாவுல பழத்தப் பிசைஞ்சு மிக்சர் போட்டுத் திங்கது ஒங்க அம்மை வீட்டுப் பழக்கம்தான?"

"எங்க வீட்டுப் பழக்கமா? அந்தக் கண்றாவி ஒங்க வீட்டுப் பழக்கம்லா?"

"எங்க வீட்ல உப்புமாவுக்குத் தேங்காத் துவையல்தான். நான் கல்யாணமாகிப் போயி, பொறவு ஒரு வெள்ளிக்கிழம இங்க வந்தப்பதான் அண்ணன் அப்படித் தின்னதப் பாத்தேன். வந்த மகராசி பழக்கிவிட்டுட்டா போலன்னு நெனச்சேன்."

"நான் வந்த முதல் வெள்ளியே ஒங்க அண்ணன் அப்படித்தான் தின்னாவ. புருஷன் வீட்டு வழக்கம்னு நான் வாய மூடிக்கிட்டேன்."

கெட்ட பழக்கம் எது இருந்தாலும் அது அடுத்த வீட்டிலிருந்து வந்தது என்று நினைப்பதுதானே வழக்கம். நான் அவள் வீட்டின் தலையில் போட்டேன். அவள் என் வீட்டின் தலையில் போட்டாள். கேட்டுப் பார்க்க இருவருக்கும் பேச்சில்லை.

"இத எதுக்கு இப்பக் கேக்க?" என்றேன்.

"நேத்துக் கடைக்கு ஒரு அம்மா வந்தாவ. மதுரக்காரவ. கழுத்துல சிலுவ. நம்ம வயசுதான் இருக்கும். இங்க ஒரு கல்யாணத்துக்கு வந்தாவளாம். உப்புமா கேட்டாவ, வச்சேன். எலையப் பாத்துட்டு, 'ஏம்மா, பழமும் மிக்சரும் எங்க? அது ரெண்டும் இல்லாம டிஃபின்னர்னு எப்படிச் சொல்றீங்க?'ன்னு கேட்டாவ. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, மதினி."

பேர் நிர்மலாவாம். எங்கள் சண்டையைப் போனில் பார்த்திருக்கிறாள். பால்கனியில் குனிந்தவரையும் பார்த்திருக்கிறாள். மதுரையில் இவரும் அவளும் ஒரே அலுவலகம், பக்கத்து மேசை. அவள் சொன்னதைப் பகவதி அப்படியே சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க வீட்டுக்குத்தான் வருவாரு, ஆனா சோறு சாப்பிட மாட்டாரு. நாங்க அன்னைக்குக் கறி தொட மாட்டோம். அதனால எங்கம்மா எல்லாருக்கும் சேத்து உப்புமா கிண்டிருவாங்க. பழம் அவரு போட்டது, மிக்சர் நான் போட்டது. பேரும் அப்படித்தான். டிஃபின்னு நான் ஆரம்பிச்சேன், டின்னர்னு அவரு முடிச்சாரு. பாதி நான், பாதி அவரு. நீங்க ரெண்டு பேரும் அதுக்காகச் சண்ட போடாதீங்கம்மா."

"ஒங்க அம்மைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா அண்ணன மதுரையிலேருந்து மாத்தல் வாங்கிட்டு வரச் சொன்னா? அப்ப எனக்குக் காரணம் புரியல. அடுத்த தையிலயே ஒங்களப் பொண்ணு பாத்தாச்சு."

"அந்த நிர்மலா ஒங்க அண்ணனப் பாக்கணும்னு கேட்டாளா?"

"இல்ல. 'பாக்கணும்னா மேல ஏறியிருக்க மாட்டேனா?'ன்னு சொன்னாவ. பழமும் மிக்சரும் வாங்கியாரச் சொல்லிப் போட்டுக்கிட்டு, எலையில ஒரு பருக்கை மிச்சம் வைக்காமத் தின்னுட்டுப் போனாவ."

"கல்யாணம் ஆயிருக்கா?"

"கேக்கல."

"அதக் கேக்காம வேற என்னத்தக் கேட்ட நீ?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவளும் திருப்பிக் கத்தவில்லை. பிறகு அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சீனி அதிகம் என்றாள். என் வீட்டில் இப்படித்தான் என்றேன்.

ஜூலை 29, திங்கள்

மேல்தொட்டியைக் கழுவினேன். பாசி. அடியில் உட்கார்ந்து தேய்த்தால்தான் போகும். பரண், சமையலறை அலமாரி, கட்டிலுக்கு அடியில், எல்லாம் சுத்தம் செய்தேன். எனக்கு ஒன்றுமில்லை. ஆடியில் சுத்தம் செய்வதுதானே.

ஜூலை 30, செவ்வாய்

நேற்றுக் கழுவிய தொட்டியை மறுபடி கழுவினேன். "இப்பத்தான கழுவுன?" என்றார் இவர். "பாசி போகல" என்றேன்.

ஜூலை 31, புதன்

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள், இருக்கட்டும். ஆம்பளைக்கு இருபத்தைந்து வயதில் இருந்திருக்கும். அந்தச் சொல்லை அவளோடு சேர்ந்து செய்தார், செய்யட்டும். அதை எனக்கு ஏன் கொடுக்க வேண்டும்? 'ஒனக்காக இப்பத்தான் தோணிச்சு.' இரண்டு பேர் சேர்ந்து தின்ற எச்சில் இலையைக் கழுவி எனக்குப் புது இலை என்று போட்டிருக்கிறார். தங்கைக்கும் அதே இலை. நானும் வெட்கமில்லாமல் அதற்காகத் தெருவில் இறங்கிக் கத்தினேன். அதை அந்த நிர்மலாவும் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் பழத்தைப் பிசையும்போது இவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்? பரிமாறியது மட்டும் நான்.

ஆகஸ்ட் 2, ஆடி வெள்ளி

பகவதியிடம் சொல்லியிருந்தேன், கடையைப் பணிப்பெண்ணிடம் விட்டுவிட்டு மேலே வந்தாள். நான் உப்புமா கிண்டினேன். நெய் தாராளமாக விட்டேன். பழத்தை நானே உரித்து வைத்தேன். புது மிக்சர், மொறுமொறுவென்று.

தங்கையை அடுக்களையில் பார்த்ததும் இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ராசியாயிட்டியளா? நல்லது, நல்லது. நான் அப்பமே சொன்னேன்லா, ஒரு வார்த்தைக்குப் போயி சண்டையான்னு" என்றபடி உட்கார்ந்து பழத்தைப் பிசைந்தார். நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றோம்.

நான் மிக்சர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் நகர்த்தினேன். "இதையும் போட்டுக்கிடுங்க. இது நிர்மலா பங்குலா."

கை நின்றது. இவர் என்னையும் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. தட்டையே பார்த்தார். நான் வாரம் முழுக்கத் தயார் செய்து வைத்திருந்தேன். 'எந்த நிர்மலா?' என்றால் என்ன சொல்வது, 'அதெல்லாம் பழைய கதை' என்றால் என்ன சொல்வது, எழுந்து கோயிலுக்குப் போனால் எப்படிக் கதவை மறிப்பது, எல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"எப்படி இருக்கா?" என்றார்.

அவ்வளவுதான். அதை மட்டும் நான் யோசித்து வைக்கவில்லை. அந்தக் குரலை நான் இந்த வீட்டில் கேட்டதேயில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோதுகூட அப்படிக் கேட்டவரில்லை.

பகவதிதான் சொன்னாள். "நல்லா இருக்காவ."

தலையை ஆட்டிக்கொண்டார். மிக்சரை எடுத்துத் தூவி, மிச்சமில்லாமல் சாப்பிட்டார். எழுந்து போய்த் தட்டைத் தானே கழுவி வைத்தார். அதுவும் இந்த வீட்டில் முதல் தடவை.

ஆகஸ்ட் 3, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பகவதி மேலே வந்து, "பலகைய எறக்கிரவா, மதினி?" என்று கேட்டாள்.

"எதுக்கு? ஓடுத கட. கெடக்கட்டும்."

"அந்தப் பேரப் பாத்தாலே எனக்கு ஆங்காரமா வருது."

"எனக்கும்தான். வந்தா வரட்டும், நீ யாவாரத்தப் பாரு."

மோட்டார் அவளே போட்டாள். என் முறை என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 9, ஆடி வெள்ளி

காலையில் கோயிலுக்குப் போய் அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கோபித்துக்கொண்டால் என்மேல் கோபித்துக்கொள், அரிசியின்மேல் கோபிக்காதே என்றேன்.

விளக்கு வைத்ததும் உலை வைத்தேன். சோறு பொங்கினேன். புளிக்குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல், அப்பளம். பழத்தையும் மிக்சர் டப்பாவையும் மத்தியானமே எடுத்து வாசல் பெருக்க வருகிறவளிடம் கொடுத்துவிட்டேன்.

இவர் வந்து உட்கார்ந்தார். தட்டில் சோற்றைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வடிவு, இன்னைக்கு வெள்ளிக்கிழம."

"தெரியும்."

"வெள்ளிக்கிழம நம்ம வீட்ல..."

"தூக்கிக் கொட்ட ஒங்க அம்மை இல்ல. நீங்க வேணா கொட்டுங்க. பானை அடுப்புலதான் இருக்கு."

கொட்டவில்லை. அதற்குள் பகவதி கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தாள். அண்ணன் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. என்ன இருந்தாலும் இந்த வீட்டில் பிறந்தவள், வீட்டு வழக்கத்தை எடுத்துச் சொல்வாள் என்று நினைத்திருப்பார்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். அண்ணனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் சோறே போடுங்க, மதினி."